போரும் தமிழ்த் திரையும்: ‘பர்மா ராணி’ முதல் ‘பராசக்தி’ வரை

இரண்டாம் உலகப் போரை நேரடியாகக் கதைக்குள் கொண்டுவந்த தமிழ்ப் படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் நான்கு ஒரே ஆண்டில், 1945இல் வெளிவந்தன: சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘பர்மா ராணி’, கே. சுப்ரமணியம் இயக்கிய ‘மானசம்ரட்சணம்’, ஜெமினியின் ‘கண்ணம்மா என் காதலி’, கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவான ‘என் மகன்’. போர் தொடங்கியது 1939 செப்டம்பரில். முடிந்தது 1945 ஆகஸ்டில். முதல் சில ஆண்டுகள் புராணத்தையும் பக்தர் வரலாற்றையும் ராஜா ராணிக் கதைகளையும் விட்டுப் பெரும்பாலும் நகராத தமிழ்த் திரை, போர் முடியப்போகும் வேளையில் வரிசையாகப் போர்ப் படங்களை எடுத்தது. இதற்குக் கலைஞர்களிடையே எழுந்த திடீர் ஆர்வம் காரணம் அல்ல. பிலிம் பஞ்சமும் அதைக் கையில் வைத்திருந்த அரசும்தான் காரணம்.

பிலிமும் உரிமமும்

அக்காலத்தில் இந்தியாவில் கச்சா பிலிம் தயாரிக்கும் தொழிற்சாலை கிடையாது. ஒவ்வோர் அடி பிலிமும் கப்பலில் வந்தது. போர் மூண்டதும் ஜெர்மனியின் அக்ஃபா பிலிம் வரத்து நின்றது. மற்ற நாடுகளிலிருந்து வரவேண்டியதற்குக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. பிலிமுக்கும் வெடிமருந்துக்கும் மூலப்பொருள் ஒன்றே, நைட்ரோ செல்லுலோஸ். போர்க்காலத்தில் அது எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

1942இல் ஒரு கதைப்படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. 35 மில்லிமீட்டர் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அதாவது படம் இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டலாம், அவ்வளவுதான். 1937இல் வந்த ‘சிந்தாமணி’ மூன்றரை மணி நேரம் ஓடிய படம். பாட்டுக்கு மேல் பாட்டும், கதையோடு ஒட்டாத தனி நகைச்சுவைப் பகுதியும் கேட்டுப் பழகிய ரசிகர்களுக்கு இந்த அளவு மிகச் சிறியது. ஆனால் இந்தக் கட்டாயம் தமிழ்ப் படத்துக்கு ஒரு நன்மையும் செய்தது. 1944 தீபாவளிக்கு வந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ இந்த அளவுக்குள் அடங்கிய படம். சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. கதையைச் சுருங்கச் சொல்வது அரசாணையால் வந்த பழக்கம் என்றாலும், அதனால் ரசிகர்கள் இழந்தது ஒன்றுமில்லை.

1943இல் கட்டுப்பாடு மேலும் இறுகியது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ்ப் பிலிமுக்கு உரிம முறை வந்தது. யார் படம் எடுக்கலாம், எத்தனை எடுக்கலாம் என்பதை அரசே முடிவு செய்தது. சொந்த ஸ்டூடியோவும் பழைய படங்களின் வரலாறும் உள்ள நிறுவனங்கள் உரிமம் பெற்றன. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் கள்ளச் சந்தையை நாடினார்கள். உரிமம் பெற்றவர்களிடம் போர் முயற்சிக்கு உதவும் படம் ஒன்றையும் அரசு எதிர்பார்த்தது. 1945இன் நான்கு படங்களும் இந்த ஏற்பாட்டின் விளைவுகள்.

இதற்கு இணையாக அரசின் சொந்த விளம்பரமும் நடந்தது. 1940இல் பிலிம் அட்வைசரி போர்டு அமைந்தது. 1943இல் அதன் வேலையை ‘இன்ஃபர்மேஷன் பிலிம்ஸ் ஆஃப் இந்தியா’வும், ‘இந்தியன் நியூஸ் பரேடு’ என்ற செய்திப்படப் பிரிவும் ஏற்றன. செய்திப்படங்கள் தமிழ் உட்படப் பல மொழிகளில் வந்தன. அதே ஆண்டில் பிறந்த ஓர் ஆணைப்படி, ஒவ்வொரு காட்சியிலும் அரசு ஒப்புதல் பெற்ற படத்தை 2,000 அடி வரை திரையிட வேண்டும்; அதற்கான வாடகையைக் கொட்டகைக்காரரே கட்ட வேண்டும். கதைப்படம் தொடங்குவதற்கு முன்னால் அரசுப் படம் ஓடும் வழக்கம் இப்படித்தான் வந்தது. சுதந்திர இந்தியா 1948இல் பிலிம்ஸ் டிவிஷனைத் தொடங்கி அந்த வழக்கத்தைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

அரசு செய்திப்படத்தோடு நிற்காமல் கதைப்படத்தையும் நாடியதற்கு அரசியல் காரணம் உண்டு. மக்கள் பிரதிநிதிகளைக் கேட்காமல் இந்தியாவைப் போரில் இறக்கியதைக் கண்டித்து 1939 இறுதியில் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் தொடங்கியது; தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். அரசின் வாய்ச்சொல்லை நம்ப ஆளில்லாத அந்த நாளில், மக்கள் காசு கொடுத்துப் பார்க்கும் நட்சத்திரங்களின் வாயால் அதைச் சொல்ல வைக்க முயன்றது அரசு.

இங்கிலாந்து கிராமம் காட்டிய வழி

அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் போர்ப் படம் வேறு மண்ணில் வளர்ந்தது. அங்கே போரைச் சொல்லச் சிறந்த களமாகத் திரைக்கலைஞர்கள் தேர்ந்தது போர்க்களத்தை அல்ல, கிராமத்தை.

ஹாலிவுட்டில் வில்லியம் வைலர் எடுத்த ‘மிஸஸ் மினிவர்’ (1942) இங்கிலாந்து நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றின் கதை. ரோஜாப் பூப் போட்டியும் தேவாலயப் பாட்டுமாக இருந்த ஊரில் குண்டு விழுகிறது. இடிந்த கூரைக்குக் கீழே நின்று பாதிரியார் செய்யும் பிரசங்கத்தோடு படம் முடிகிறது. ஆறு ஆஸ்கார் விருதுகள் பெற்றது. மைக்கேல் பவலும் எமரிக் பிரஸ்பர்கரும் எடுத்த ‘எ கேன்டர்பரி டேல்’ (1944) கென்ட் பகுதி வயல்களில் நடப்பது. வயல் வேலைக்கு வந்த ஒரு பெண், ஓர் ஆங்கிலச் சிப்பாய், ஓர் அமெரிக்கச் சிப்பாய் ஆகிய மூவரும் பழைய யாத்திரிகர்கள் நடந்த பாதையில் கேன்டர்பரி பேராலயத்தை அடைகிறார்கள். குண்டுவீச்சில் சிதைந்த நகரமே படத்தில் காட்டப்படுகிறது.

இவ்வகையில் கூர்மையான படம் ஆல்பெர்ட்டோ கவல்கான்டி இயக்கிய ‘வென்ட் த டே வெல்?’ (1942). கிரஹாம் கிரீன் எழுதிய கதையிலிருந்து பிறந்தது. பிராம்லி எண்ட் என்ற கற்பனைக் கிராமத்துக்கு ஆங்கிலப் பட்டாளம் ஒன்று வந்து தங்குகிறது. உண்மையில் அவர்கள் வேடமிட்ட ஜெர்மானியர்கள். முதல் சந்தேகம் சீட்டாட்டக் கணக்கு எழுதிய காகிதத்தில் பிறக்கிறது: ஏழு என்ற எண்ணின் நடுவே ஐரோப்பியர் போடும் குறுக்குக் கோடு அதில் இருக்கிறது. ஊரார் தேவாலயத்தில் சிறைவைக்கப்படுகிறார்கள். எச்சரிக்கை மணியடிக்க முனைந்த பாதிரியார் சுடப்படுகிறார். தபால் நிலையத்தை நடத்தும் நடுத்தர வயதுப் பெண், தன் வீட்டில் உணவருந்தும் ஜெர்மானியன் முகத்தில் மிளகுத் தூளை வீசிக் கைக்கோடரியால் வெட்டிவிட்டுத் தொலைபேசிக்கு ஓடுகிறாள். உதவி கேட்டு அவள் அழைப்பதற்குள் இன்னொருவனின் துப்பாக்கி முனைக் கத்திக்கு இரையாகிறாள். எதிரிக்கு உளவு சொன்னவர் ஊர்ப் பெரிய மனிதர் என்று தெரியவருகிறது.

இந்தப் படங்கள் எடுபட்டதற்குக் காரணம் தெளிவு. பார்த்தவர்களின் ஊரும் திரையில் இருந்த ஊரும் ஒன்று. அவர்கள் அஞ்சிய எதிரியும் திரையில் வந்த எதிரியும் ஒன்று. அரசு விரும்பிய செய்தியும் மக்கள் மனத்தில் இருந்ததும் பெரிதும் ஒன்று. தஞ்சாவூரிலோ சேலத்திலோ இந்த மூன்றும் ஒன்றாக இல்லை. ஜப்பானியன் வரக்கூடும் என்ற அச்சம் இருந்தது. ஆனால் ஏற்கெனவே வந்து ஆண்டுகொண்டிருந்தவனும் அந்நியனே. ஆகவே தமிழ்க் கிராமத்தை வைத்து அப்படி ஒரு கதை எழுத முடியாது. எழுதினால், ஊரை மீட்கப் போராடும் மக்கள் என்ற கருவே தணிக்கையில் சிக்கியிருக்கும். 1939இல் கே. சுப்ரமணியம் இயக்கிய ‘தியாகபூமி’ விடுதலை இயக்கத்தைக் காட்டியதற்காகத் தடை செய்யப்பட்டதை எல்லாரும் அறிந்திருந்தார்கள்.

பர்மா: தமிழர் கண்ட போர்

தமிழ்நாட்டு மண்ணில் போரின் கை பட்டது கொஞ்சமே. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கின. அந்த மாதம் சென்னை நகரத்தில் பெரும்பகுதி காலியானது. அரசு அலுவலகங்களும் உள்நாட்டு ஊர்களுக்கு நகர்ந்தன. 1943 அக்டோபர் 12 அன்று ஒரு ஜப்பானிய விமானம் சென்னையில் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. மற்றபடி மக்களுக்குப் போர் என்றால் அரிசித் தட்டுப்பாடு, ரேஷன், மண்ணெண்ணெய் வரிசை, இரவில் விளக்கணைப்பு.

தமிழர்கள் போரை நேருக்கு நேர் கண்டது கடல் கடந்த நாடுகளில். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகக் கூலிகள், ரிக்‌ஷா இழுப்பவர்கள், கணக்குப்பிள்ளைகள், வட்டிக்கடை நடத்திய நகரத்தார் எனத் தமிழரில் பல தரத்தாரும் அங்கே இருந்தார்கள். கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நகரத்தார் கைக்கு வந்திருந்தது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 மார்ச் மாதம் நகரம் ஜப்பானியர் வசமானது. நான்கைந்து லட்சம் இந்தியர்கள் நாட்டை விட்டு ஓடினார்கள். பணமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்குக் கப்பல் கிடைத்தது. மற்றவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர், அசாம் மலைகள் வழியாகவும் நடந்தார்கள். மழையிலும் காலராவிலும் பசியிலும் வழியிலேயே ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

ஊர் வந்து சேர்ந்தவர்கள் ‘பர்மா அகதிகள்’ எனப்பட்டார்கள். போர்ப் படம் எடுக்க வேண்டிய கட்டாயம் வந்தபோது தமிழ் ஸ்டூடியோக்களின் கண் பர்மாமேல் விழுந்ததற்கு இதுவே காரணம். அந்தக் களத்தை மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் யாரோ ஒருவர் அங்கிருந்து திரும்பியிருந்தார், அல்லது திரும்பாமல் போயிருந்தார்.

1945இன் நான்கு படங்கள்

‘பர்மா ராணி’யை டி.ஆர். சுந்தரம் தயாரித்து இயக்கினார். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர் அவர். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவி ஆலை நடத்துவதுபோல் கண்டிப்போடு படம் எடுத்தவர். ஜப்பானியர் பிடியில் இருக்கும் பர்மாவில் இந்திய விமானப் படையினர் சிக்கிக்கொள்கிறார்கள். அங்கே மறைவாக இயங்கும் எதிர்ப்புக் குழு அவர்களுக்குத் துணைநிற்கிறது. ராணியாகக் கே.எல்.வி. வசந்தாவும், கதாநாயகனாக ஹொன்னப்ப பாகவதரும் நடித்தார்கள். ஜப்பானிய அதிகாரி வேடத்தைச் சுந்தரமே ஏற்றார். உளவும் துரத்தலும் தப்பித்தலும் நிறைந்த கதை. புராணப் படங்களில் தேவர்களும் அசுரர்களும் பறந்த ஸ்டூடியோவில் இப்போது விமானப் படையினர் வந்தார்கள். தமிழில் உளவுப் படம் என்ற வகைக்கு இது முன்னோடி.

‘கண்ணம்மா என் காதலி’ கொத்தமங்கலம் சுப்புவின் படம். எம்.கே. ராதாவும் எம்.எஸ். சுந்தரிபாயும் நடித்தார்கள். ஜப்பானியர் படையெடுப்பின்போது பர்மாவிலிருந்து தமிழர்கள் வெளியேறிய காலம் கதையின் பின்னணி. ‘பர்மா ராணி’ வீரத்தைச் சொன்னது. இது அகதிகளின் பக்கம் திரும்பியது. படத்தின் பெயர் பாரதியாரின் ‘கண்ணன் பாட்டு’ நூலில் உள்ள ஒரு பகுதியின் தலைப்பு. 1917இல் அந்நூல் முதலில் அச்சானபோது பாரதியார் வாழ்ந்தது புதுச்சேரியில். பிரிட்டிஷ் அரசுக்கு அஞ்சி அங்கே தஞ்சம் புகுந்த கவிஞரின் சொல்லைப் பிரிட்டிஷ் போர் முயற்சிக்கான படம் தலைப்பாக்கிக்கொண்டது.

‘மானசம்ரட்சண’த்தின் வரலாறு இதைவிட முரணானது. ஜப்பானிய எதிர்ப்பைக் கருவாகக் கொண்ட இந்தப் படத்தை இயக்கியவர், ‘தியாகபூமி’ தடைக்கு உள்ளான அதே கே. சுப்ரமணியம். நாயகி எஸ்.டி. சுப்புலட்சுமி ‘தியாகபூமி’யிலும் நாயகி. ஐந்தாறு ஆண்டு இடைவெளியில் ஒரே இயக்குநரும் ஒரே நடிகையும் அரசு தடைசெய்த படத்திலும் அரசு விரும்பிய படத்திலும் பங்கு பெற்றார்கள். இதைக் கொள்கை மாற்றம் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் பிலிம் அரசின் கையில் இருந்த நாளில், தொடர்ந்து படம் எடுக்க வேண்டிய ஒருவருக்கு இருந்த வழிகள் சிலவே. ஃபாசிசத்தை எதிர்ப்பதும் நாட்டு விடுதலையை விரும்புவதும் ஒரே மனத்தில் இருக்க முடியும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆர்.எஸ். மணி இயக்கிய ‘என் மகன்’ படத்தில் என். கிருஷ்ணமூர்த்தியும் யு.ஆர். ஜீவரத்தினமும் நடித்தார்கள். காதல் கதைக்குள் போர்ச் செய்தியை வைத்துச் சொன்ன படம் இது.

பிற மொழிக்காரர்கள் இதே நெருக்கடியைக் கையாண்ட விதம் ஒப்பிடத் தக்கது. பம்பாயில் 1943இல் வந்த ‘கிஸ்மத்’ படத்தின் ஒரு பாட்டு, அந்நியரை நாட்டை விட்டு விலகச் சொல்வது. ஜெர்மனியையும் ஜப்பானையும் பெயர் சொல்லிச் சேர்த்ததால் தணிக்கை விட்டுவிட்டது. கொட்டகையில் இருந்தவர்கள் அந்நியன் என்ற இடத்தில் ஆங்கிலேயனை வைத்துக் கேட்டார்கள். வி. சாந்தாராம் ‘டாக்டர் கோட்னிஸ் கி அமர் கஹானி’க்கு (1946) ஜப்பானோடு போரிட்ட சீனாவுக்குச் சென்று பணியாற்றி அங்கேயே இறந்த இந்திய மருத்துவரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டார். அது போர் முயற்சிக்கும் பொருந்தியது. நேருவும் காங்கிரசும் சீனாவுக்குக் காட்டிய நட்புக்கும் பொருந்தியது. தமிழ்ப் படங்களுக்கு இப்படி இரு பக்கமும் வெட்டும் கதை அமையவில்லை.

புதுச்சேரியின் போர்

புதுச்சேரியின் நிலை வேறு. 1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. ஆளுநர் லூயி பொன்வேன் தலைமையில் பிரெஞ்சிந்தியப் பகுதிகள் அதே ஆண்டு செப்டம்பரில் தளபதி த கோலின் சுதந்திர பிரான்சோடு சேர்ந்தன. நிலப்பக்கமெல்லாம் பிரிட்டிஷ் இந்தியா சூழ்ந்த ஊருக்கு வேறு முடிவு எளிதாகவும் இருந்திராது. ஸ்ரீ அரவிந்தரும் அன்னையும் அதே ஆண்டில் நேச நாடுகளுக்கு வெளிப்படையாக ஆதரவு தெரிவித்துப் போர் நிதிக்கு நன்கொடை அனுப்பினார்கள். அரவிந்தரின் பழைய பிரிட்டிஷ் எதிர்ப்பு வரலாற்றை அறிந்தவர்கள் பலருக்கு அது வியப்பாக இருந்தது.

ஆனால் பிரெஞ்சு இந்தோசீனா, ஜெர்மனியோடு ஒத்துப்போன விஷி அரசின் பக்கம் நின்றது. சைகோனில் அலுவலராக, காவலராக, வணிகராக இருந்த புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் நிறைய. சொந்த ஊர் ஒரு பிரான்சிலும் பிழைக்கப் போன ஊர் இன்னொரு பிரான்சிலும் இருந்தன. இந்தோசீனாவில் ஜப்பானியப் படையும் இருந்தது. 1945 மார்ச் 9 அன்று அது பிரெஞ்சு நிர்வாகத்தையே கவிழ்த்தது. கடற்கரைச் சாலையில் 1938இல் திறக்கப்பட்ட போர் நினைவுச் சின்னம் முதல் உலகப் போரில் மாண்ட பிரெஞ்சிந்தியர்களுக்காக எழுந்தது. அது எழுந்த மறு ஆண்டே அடுத்த போர் வந்தது. ‘சொல்தா’ என்று ஊரார் அழைக்கும் பிரெஞ்சுப் பட்டாளத்தாரின் குடும்பங்களில் இரண்டு போர்களின் நினைவும் உண்டு.

ஊரில் ஓடிய தமிழ்ப் படங்கள் சென்னை, சேலம், கோவை ஸ்டூடியோக்களில் பிறந்தவை. 1945இன் போர்ப் படங்களில் சில ரங்கூனைப் பார்த்தன; சைகோனின் பக்கம் எதுவும் திரும்பவில்லை. புதுச்சேரிக்கும் மாடர்ன் தியேட்டர்ஸுக்கும் நெருங்கிய உறவு பின்னர் ஏற்பட்டது. புதுச்சேரிக் கவிஞர் பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியம் அவர் எழுதிய வசனத்தோடு 1950இல் ‘பொன்முடி’ என்ற படமாயிற்று. அதில் போர் இல்லை.

கூட்டம் ஏன் மறந்தது

நான்கு படங்களும் வெளிவந்த ஆண்டே அவற்றின் அடித்தளம் ஆடியது. 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் தற்காலிக ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தார். இந்திய தேசிய ராணுவத்திலும் கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையிலும் மலாயா ரப்பர்த் தோட்டத் தமிழர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். ‘பர்மா ராணி’யில் ஜப்பானியரை எதிர்த்து ஒரு ராணி திரையில் போராடிய காலத்தில், ஜப்பானியர் துணையோடு ஆங்கிலேயரை எதிர்க்கத் தமிழ்ப் பெண்கள் பர்மாவில் சீருடையோடு இருந்தார்கள். தணிக்கை இருந்தவரை இந்தச் செய்தி ஊருக்குச் சரியாக எட்டவில்லை. 1945 நவம்பரில் செங்கோட்டை விசாரணை தொடங்கியதும் எல்லாம் வெளியே வந்தது. எதிரியோடு சேர்ந்தவர்கள் என்று அரசு சொன்னவர்களை நாடு வீரர்களாகக் கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவே முந்திய போர்ப் படங்களுக்கு இடமில்லை.

அரசு கேட்டு எடுத்தவை என்பதாலேயே அவை நிற்கவில்லை என்று முடிவு கட்டுவது சரியாகாது. இங்கிலாந்துப் படங்களுக்குப் பின்னாலும் அரசு இருந்தது. அங்கே அரசு சொல்ல விரும்பிய கதையை மக்கள் தங்கள் கதையாகவே ஏற்றார்கள். இங்கே மக்கள் பட்டது இடப்பெயர்ச்சி, பசி, குடும்பச் சிதைவு. போர்ப் படங்களுக்கு வேண்டியிருந்ததோ வீரம், வெற்றி, விசுவாசம்.

‘பராசக்தி’

அந்த இடப்பெயர்ச்சியையும் சிதைவையும் முழுதாக எடுத்துக்கொண்ட படம் போர் முடிந்து ஏழு ஆண்டுக்குப் பின் வந்தது. 1952 அக்டோபர் 17, தீபாவளியன்று வெளியான ‘பராசக்தி’யைச் சமூக சீர்திருத்தப் படம் என்றும், மு. கருணாநிதியின் வசனப் படம் என்றும், சிவாஜி கணேசனின் முதல் படம் என்றும் சொல்வது வழக்கம். அது போர்க்காலப் படமும்தான். பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்தைத் தழுவிய அதைக் கிருஷ்ணன் – பஞ்சு இயக்கினார்கள்.

மதுரையில் தங்கை கல்யாணிக்குத் திருமணம். ரங்கூனில் இருக்கும் மூன்று அண்ணன்களும் வர வேண்டும். போர் காரணமாகக் கப்பலில் ஒரே ஒரு டிக்கெட்தான் கிடைக்கிறது. கடைசி அண்ணன் குணசேகரன் மட்டும் புறப்படுகிறான். குண்டுவீச்சு பயத்தில் கப்பல் காலத்தில் வந்து சேரவில்லை; அவன் இல்லாமலே திருமணம் நடக்கிறது. ஜப்பானியர் குண்டு தொடரவே மூத்தவர் சந்திரசேகரன், மனைவியோடும் தம்பி ஞானசேகரனோடும் நடைபயணமாகக் கிளம்புகிறார். வழியில் பிரிந்துபோகும் ஞானசேகரன் குண்டுவீச்சில் ஒரு காலை இழந்து, தமிழகத்தில் பிச்சைக்காரர்களோடு சேர்கிறான். கல்யாணி கணவனையும் தந்தையையும் இழந்து கைக்குழந்தையோடு இட்லி விற்றுப் பிழைக்கிறாள்.

போர் திரையில் இருப்பது சில நிமிடங்களே. அதன் விளைவு படம் முழுக்க ஓடுகிறது. கப்பலில் இடம் கிடைத்தவன், நடந்து வந்தவன், வழியில் உடல் சிதைந்தவன், ஊரில் காத்திருந்து ஏமாந்தவள் என 1942இன் பர்மா வெளியேற்றத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு நேரக்கூடியவை எல்லாம் நான்கு உடன்பிறப்புகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அகதியாக வந்தவனைச் சொந்த நாடு எப்படி நடத்தியது என்பதே படத்தின் கேள்வி. குணசேகரன் பைத்தியக்காரனாக நடிப்பதும், நீதிமன்றத்தில் பேசுவதும் அந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கின்றன. எதிரி நாட்டானைக் காட்டிக் கைதட்டு வாங்கும் காட்சி ஒன்றுகூட அதில் இல்லை. இங்கிலாந்து கிராமப் படங்களைப்போல் இதுவும் பார்வையாளர் தாமே பட்ட போரைப் பேசியது. அதனால் நிலைத்தது.

திரைக்கு வராதவை

பர்மா அளவுக்கும் திரையில் இடம் பெறாத போர்க் கதைகள் பல. சயாம் மரண ரயில்பாதை 415 கிலோமீட்டர் நீளம். 1942–43இல் ஜப்பானியர் அதைப் போட்டபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் காட்டில் மடிந்தார்கள். அந்தப் பாதையை உலகம் அறிந்தது டேவிட் லீனின் ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ (1957) மூலம். இலங்கையின் கித்துல்கலையில் எடுக்கப்பட்ட அந்தப் படம் பிரிட்டிஷ் போர்க் கைதிகளின் கதை. பாதை போட்டவர்களில் பெரும்பான்மையினரான ஆசியத் தொழிலாளர்களை அதில் தேட வேண்டும்.

இந்த வெற்றிடத்தை எழுத்து ஓரளவு நிரப்பியது. ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ ஆகிய நாவல்கள் ஜப்பானியர் ஆட்சியில் இருந்த தென்கிழக்காசியத் தமிழரையும் இந்திய தேசிய ராணுவத்தையும் காட்டுகின்றன. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ தோட்டத் தமிழரின் பாட்டைச் சொல்கிறது.

எஞ்சியிருப்பவை

போர்க்காலத் தமிழ்ப் படங்களை ஆராய்பவர்களுக்கு முதல் தடை படச்சுருள். நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும், வெப்பத்தில் சிதையும், வெள்ளி எடுப்பதற்காக உருக்கப்பட்டவையும் ஏராளம். அக்காலப் படங்கள் பலவற்றுக்கு இன்று சான்றாக இருப்பவை பாட்டுப் புத்தகங்களே. கொட்டகை வாசலில் ஓரணா, இரண்டணாவுக்கு விற்ற மெல்லிய புத்தகம்: அட்டையில் நாயகி படம், உள்ளே நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாட்டுகள். கதை முடிச்சு அவிழும் இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடுவார்கள். படமும் போய், புத்தகமும் அந்த வரியோடு நின்றுவிட்டால் கதையின் முடிவு நமக்கு இல்லை.

ஆகவே பழைய பாட்டுப் புத்தகம், கொட்டகை நோட்டீசு, சைகோனிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த கடிதம், அகதிச் சீட்டு, சொல்தாவின் பணிப் புத்தகம் எதையும் பழைய காகிதக்காரருக்கு எடைக்குப் போடக் கூடாது. புதுச்சேரி வீடுகளில் இருப்பவற்றை ஒரு படியாவது எடுத்து நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ சேர்ப்பது நல்லது. ரங்கூன் கதைக்கு ஒரு ‘பராசக்தி’ வாய்த்தது. சைகோன் கதையை எழுத வருபவருக்கு இந்தக் காகிதங்களே மூலதனம்.